உலீட்டா அறுத்த கச்சை

மீனுக்காகத்தான் அறுத்தாள் என்கிறீர்களே, அன்றைக்கு அந்தப் படகில் நீங்களா உட்கார்ந்திருந்தீர்கள்? பெலகேயா சொன்னாள் என்கிறீர்கள். பெலகேயா அன்று எங்கே இருந்தாள்? தன் வீட்டு அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். ஆறு கடலில் சேருகிற வாய்க்கும் அவள் அடுப்புக்கும் நடுவில் அரைநாள் துடுப்புப் போட வேண்டிய தூரம் இருக்கிறது. அவ்வளவு நாணலையும் தாண்டிப் பார்க்கிற கண் அவளுக்கு இருந்தால், தன் வீட்டு வாத்து யார் கொல்லையில் முட்டையிடுகிறது என்று முதலில் பார்த்திருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மீனின் தலையை உலீட்டா ஊருக்கே கொடுத்தாள். கோயிலுக்குப் பின்னால் கொப்பரை வைத்து, டான்யூப் தண்ணீரிலேயே கொதிக்கவிட்டு ஊரே சூப் குடித்தது. முதல் கிண்ணத்தை நீட்டியது யார்? பெலகேயா. எலும்பைச் சப்பிவிட்டு இரண்டாவது தடவை நீட்டியது யார்? அவளேதான். உதட்டில் ஒட்டின கொழுப்புக் காய்வதற்குள் அதே உதட்டால் சொன்னாள்: "ஒரு மீனுக்காகச் சிநேகிதியோட கச்சையில கத்தி வச்சவ."

நடந்தது அது இல்லை. நடந்ததைக் கேளுங்கள்.

உலீட்டா எங்கள் கோசா ஊரிலேயே நாணல் வெட்டுகிற ஒருவரின் மகளாகப் பிறந்தவள். குட்டை, நல்ல அகலம். கதவில் வந்து நின்றால் வீட்டுக்குள் இருட்டிவிடும். பிடிவாதக்காரி. ஆனால் தன் காரியம் நடந்தே ஆக வேண்டும் என்கிற பிடிவாதம் இல்லை அது. இல்லாததை இருக்கிறது என்று அவள் வாயால் சொல்ல வைக்க முடியாது, அவ்வளவுதான். கல்யாணத்தன்று மணப்பெண் அழ வேண்டும். அழாவிட்டால் பிறந்த வீட்டுக்குக் குறைச்சல். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுகைப் பாட்டுப் பாடித் தொண்டை கட்டிப்போனார்கள். உலீட்டா வறண்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"அழுடி, ஊரே பாக்குது," என்று அவள் அம்மா முழங்கையால் இடித்தாள்.

"அழுகை வரலம்மா. வந்தா சொல்றேன்."

சொன்னபடியே சொன்னாள். மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து, மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. உப்புக் கையோடு தெருவுக்கு ஓடிவந்து, "இப்ப வந்துருச்சு, பாக்கணும்னவங்க வந்து பாத்துக்குங்க!" என்று கூப்பிட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் அதை மறக்காமல் இருந்திருந்தால், பின்னால் அவளிடம் போய் அந்தப் பொய்யைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் போர் வந்து ஆண்களைக் கொண்டுபோயிற்று. உலீட்டாவின் கணவன் நசார் செத்துப்போனான் என்று சேதி வந்தது. அவளுடைய சிநேகிதி மலான்யாவின் கணவன் யெஃபீமைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. போர் முடிந்தது, அப்போதும் வரவில்லை. மூன்றாவது சிநேகிதி அக்குலினாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆள் உயரமும் கனமும் அப்படி. "என்னைத் தூக்கி வாசல்படி தாண்டறதுக்கு ஒருத்தனுக்கும் முதுகு இல்ல, நான் என்ன செய்ய?" என்பாள். எதைச் சொன்னாலும் சிரிக்கிற மாதிரிதான் சொல்வாள். அதுவே பின்னால் வினையாயிற்று.

மூவரும் சின்ன வயதிலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். கோயிலில் ஒரே மூலையில் நிற்பார்கள், நீராவிக் குளியலுக்கு ஒன்றாகப் போவார்கள், ஒரே கிண்ணத்தில் மூன்று கரண்டி விட்டுச் சாப்பிடுவார்கள்.

மீன்சாவடியில் படகுகள் தார் வெடித்துக் கவிழ்ந்து கிடந்தன. ஓட்ட ஆள் இல்லை. இலையுதிர்கால மொருன் கடலிலிருந்து ஆற்றில் ஏறத் தொடங்கியிருந்தது. மொருன் என்றால் ஸ்டர்ஜன்களிலேயே பெரியது. படகுக்கு அது பயப்படாது, அதற்குத்தான் படகு பயப்படும். சாவடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு கடைசியில் சொன்னார்: "பொம்பளைங்கன்னாலும் சரி, மூணு பேரா வந்தா படகு தர்றேன். ரெண்டு பேருக்குக் கிடையாது. முள்வரிசையில ரெண்டு பேர் போனா ஒருத்தர்தான் திரும்பி வருவாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மொருனுக்கு இரை வைப்பதில்லை. விரல் கனத்தில் முள்கள். அவற்றை அரத்தால் ராவிக் கூராக்கி, ஒரு நீளக் கயிற்றில் நெருக்க நெருக்கமாகத் தொங்கவிட்டு, கல் கட்டி ஆற்றுக்குக் குறுக்கே இறக்கிவிடுவார்கள். ஏறி வருகிற மீன் உரசினால் ஒரு முள் குத்தும். துள்ளினால் பக்கத்து முள்ளும் குத்தும். மீனையும் மனிதரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத முள். அதனால்தான் அந்தப் படகில் ஒரு சட்டம்: உடம்பில் எதுவும் தொங்கக் கூடாது. தாடியைக்கூடச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார்கள்.

எங்கள் சபையில் இடைக்கச்சை கட்டாமல் யாரும் வெளியே போவதில்லை. கச்சை இல்லாமல் சாமி கும்பிட்டால் அது கும்பிட்டதாகாது. மலான்யாவின் கச்சை அவள் அம்மா நெய்தது. சிவப்புக் கம்பளி நூலில், நடுவில் ஒரு பிரார்த்தனையை எழுத்தெழுத்தாக ஓடவிட்டு, இரண்டு முனையிலும் குஞ்சம் வைத்திருந்தாள். நெய்து முடித்த வருஷமே அம்மா போய்விட்டாள். யெஃபீம் காணாமல் போனதிலிருந்து மலான்யா அந்தக் கச்சையை மேல்சட்டைக்கு வெளியே கட்டத் தொடங்கினாள்.

முதல் பயணத்தில் மூன்று பேரும் ஆற்றுவாய்க்குப் போய் நாணல் குடிசையில் தங்கினார்கள். சாயங்காலம் கெண்டையும் கெளுத்தியும் போட்டு அக்குலினா சூப் வைத்தாள்.

"கச்சையை உள்ள சொருகுடி," என்றாள் உலீட்டா. அன்றைக்கு அதை அவள் பலமுறை சொல்லியிருந்தாள்.

"உள்ள கட்டினா அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?" மலான்யா வானத்தைக் காட்டினாள். "யெஃபீமு எங்க இருக்கானோ. நான் கச்சை கட்டி நிக்கிறத அவர் பாத்தாத்தான அவனையும் பாப்பாரு?"

"கோட்டுக்குள்ள இருக்கறது தெரியாத கண்ணா அவருக்கு?"

"உனக்கு நசார் போயிட்டான்னு தெரியும். எனக்குத் தெரியாதுல்ல. நீ பேசாத."

உலீட்டா மூன்று கரண்டிகளை எடுத்து வைத்தாள். அக்குலினா சூப்பை ஊற்றிக்கொண்டே, "அவருக்கு உன் கச்சை தெரியுதோ இல்லையோ, உன் மூக்கு தெரியும்டி. இங்கேருந்து கடல் வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கு," என்றாள். மலான்யா கரண்டியால் அவள் மண்டையில் ஒன்று போட்டாள். மூவரும் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் கயிற்றைத் தொட்டதுமே உலீட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. கயிறு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நடுங்கிற்று.

அக்குலினா துடுப்பில் உட்கார்ந்து, நீரோட்டத்தை எதிர்த்துப் படகை அசையாமல் நிறுத்தினாள். உலீட்டா படகின் ஓரத்தில் முட்டி போட்டுக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றினாள். மலான்யா மரக்கட்டையைத் தயாராகப் பிடித்துப் பக்கத்தில் நின்றாள். முதலில் ஒரு சாம்பல் முதுகு தெரிந்தது. அப்புறமும் முதுகு. அப்புறமும் முதுகுதான். வால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"அம்மாடி, இதுக்கு நம்ம மூணு பேரு போதாது, ஊரக் கூப்பிடுங்க!" என்று அக்குலினா பின்னாலிருந்து கத்தினாள்.

"வாயை மூடிட்டுத் துடுப்பப் போடு!"

மீனின் தலை மேலே வந்ததும் மலான்யா ஓங்கி அடித்தாள். இன்னொன்று அடித்தாள். அது அடங்கிற்று. உலீட்டா அதன் வாயிலும் செவுளிலும் வேறொரு கயிற்றைக் கோத்துப் படகோடு சேர்த்துக் கட்டினாள். வேலை முடிந்தது என்று மலான்யா நிமிர்ந்து சிலுவைக் குறி போட்டாள். அப்போதுதான் செத்ததாக நினைத்த மீன் ஒரே ஒரு தடவை வாலைச் சுழற்றிற்று.

படகு சாய்ந்தது. ஓரத்தில் ஏற்றி வைத்திருந்த முள்வரிசை கல்லின் கனத்தில் சரசரவென்று ஆற்றுக்குள் திரும்ப ஓடிற்று. ஓடுகிற முள்ளில் ஒன்று மலான்யாவின் குஞ்சத்தைக் கவ்விற்று. அவள் கத்தக்கூட இல்லை. தலையும் தோளும் தண்ணீருக்குள், கால் மட்டும் படகுக்குள்.

உலீட்டா அந்தக் கால்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். ஒரு கையால் தண்ணீருக்குள் துழாவி மலான்யாவின் தலைமுடியைப் பிடித்தாள். தலைத்துணி ஆற்றோடு போயிற்று. இன்னொரு கை காலணியில் சொருகியிருந்த கத்தியை எடுத்தது. இப்போது கேளுங்கள், பெலகேயாவுக்கும் போய்ச் சொல்லுங்கள். "கயிற்றை அறுத்திருக்கலாமே, மீன் போயிருந்தால் போகட்டுமே" என்கிறீர்கள். மீன் வேறு கயிற்றில் கட்டியிருந்தது. முள்கயிற்றை அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் மீன் இருந்த இடத்திலேதான் இருக்கும். ஆனால் மலான்யாவைக் கவ்வின முள் அந்த முள்கயிற்றில் இருந்தது. அதை அறுத்தால் கல்லும் கயிறும் முள்ளும் மலான்யாவும் ஒன்றாக அடிக்குப் போயிருப்பார்கள். குஞ்சத்தை முள்ளிலிருந்து பிரிக்கலாம் என்றால், முள் சுற்றிச் சுற்றிக் கச்சையைத் தன்மேல் முறுக்கிக்கொண்டிருந்தது. முள்ளைக் கட்டியிருந்த சின்னக் கயிறோ கைக்கு எட்டாத ஆழத்தில். மிச்சம் இருந்தது கச்சை ஒன்றுதான். உலீட்டா அதை அறுத்தாள். கத்தி பிரார்த்தனை எழுத்துகளுக்கு நடுவில் ஏறி இறங்கிற்று.

மலான்யாவை இழுத்துப் படகுக்குள் போட்டார்கள். குப்புறக் கிடந்து ஆற்றைக் கக்கினாள். கண் திறந்ததும் அவள் கண்ணில் பட்டவை இரண்டு: படகோடு பத்திரமாகக் கட்டியிருக்கிற மீன், தன் இடுப்பில் அறுந்து தொங்குகிற பாதிக் கச்சை.

"எங்கம்மா நெய்ததுடி," என்றாள்.  உலீட்டா கத்தியைத் துடைத்துக் காலணியில் சொருகினாள். 

பயந்துபோனால் அக்குலினாவுக்கு நாக்கு இன்னும் நீளும். மீனை இழுத்துக்கொண்டு சாவடிக்கு வந்ததும், கூடி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "நம்ம உலீட்டா மீனை விடுவாளா? மலான்யாவ விட்டாலும் மீனை விடமாட்டா! கடைசில கச்சைய அறுத்து ஆத்துக்குக் குடுத்துட்டு ரெண்டையும் கொண்டாந்துட்டா!" சொல்லிவிட்டு ஓவென்று சிரித்தாள். சிரிக்கும்போது பல் தந்தியடித்தது, அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பேச்சு சாவடியிலிருந்து தெருவுக்கு நடந்து வந்தது. நடுவழியில் சிரிப்பு விழுந்துவிட்டது. பெலகேயாவின் வீட்டுக்குள் அது நுழைந்தபோது மீனும் கச்சையும் மட்டும் மிச்சம்.

அக்குலினா வீடு வீடாகப் போய், "அது தமாசுக்குச் சொன்னது, நடந்தது வேற" என்று சொன்னாள். "நீ எதத்தான் தமாசுக்குச் சொல்லல?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

மலான்யா யாரிடமும் எதுவும் பேசவில்லை. தண்ணீருக்குள் தலை இருந்தவளுக்கு மேலே நடந்தது என்ன தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவின் பிரார்த்தனை பாதியில் அறுந்துவிட்டது என்பதுதான். யெஃபீம் இனி வரமாட்டான் என்று அவள் அன்றே முடிவு கட்டினாள். கிணற்றடியில் உலீட்டாவைக் கண்டால் வாளியை நிரப்பாமலே திரும்பிப் போனாள்.

கோயிலில் பாதிரியார் சிசோய் உலீட்டாவை ஓரமாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் ஊர் அவர் காதைத் தின்றுகொண்டிருந்தது.

"பிரார்த்தனை நெய்த கச்சையில கத்தி பட்டுருக்கு. சபை முன்னால சொல்லிடு உலீட்டா. மீன் மேல இருந்த ஆசையில செஞ்சுட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது."

"கச்சைய அறுத்தேன் சாமி. என் கைதான் அறுத்துச்சு. அதுக்கு எத்தன தடவ விழுந்து கும்பிடச் சொன்னாலும் கும்பிடறேன். மீன் மேல ஆசைன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்தைதானம்மா."

"ஒரு வார்த்தைதான் சாமி. அது பொய். கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சொல்ற வரைக்கும் தனிக் கிண்ணம்தான். யாரும் உன்கூடக் கரண்டி போட மாட்டாங்க. படகுலயும் உக்கார மாட்டாங்க, அதையும் யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்."

அதுதான் அவளுக்கு வந்த கேடு. தனிக் கிண்ணம் என்றால், சபையோடு சேராதவர் சாப்பிடுகிற கிண்ணம். கல்யாணத்தில், சாவுவீட்டில், சொந்த வீட்டிலும் அதுதான். கிண்ணத்தில் சேராதவளோடு யார் படகில் சேருவார்கள்? மூன்று பேர் இல்லாவிட்டால் வசந்தகாலத்தில் படகு கிடையாது. ஒரு பொய் சொன்னால் படகும் சிநேகிதிகளும் திரும்பி வருவார்கள். சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை. இதைத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் முன்னால் வைத்தார்கள்.

வீட்டில் மாமியார் ஸ்டெபனிதா அவளுக்கு வேறு கிண்ணம் எடுத்து வைத்தாள். சபை சொன்னதை மீறுகிற துணிச்சல் கிழவிக்கு இல்லை. ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தன் கிண்ணத்தோடு இடித்துக்கொண்டிருக்கிற மாதிரித்தான் வைப்பாள். மீனின் வயிற்றுத் துண்டு எப்போதும் அந்தக் கிண்ணத்தில்தான் விழும்.

"அத்தை, எனக்கே எல்லாத்தையும் போட்டுட்டீங்க."

"கரண்டி வழுக்கிருச்சு. தின்னு. அந்த ஒரு வார்த்தையச் சொல்லித் தொலைச்சா என்ன, கழுத?"

"வந்தா சொல்றேன் அத்தை."

கிழவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு உறையப் போகிற சமயம் வந்தது. முள்வரிசை இன்னும் ஆற்றுக்கடியில்தான் கிடந்தது. பனிக்கட்டி நகர்ந்தால் கயிறு, கல், முள் எல்லாவற்றையும் கடலுக்கு இழுத்துப் போய்விடும். அதைத் தூக்க யாரும் உலீட்டாவோடு வர மாட்டோம் என்றார்கள். அக்குலினா மட்டும் வந்து நின்றாள்.

"என்னால வந்த வினைடி. நான் வர்றேன்."

"தமாசு பண்ணாம வருவியா?"

"செத்தாலும் பண்ண மாட்டேன். செத்தப்புறம் பாக்கலாம்."

சாவடிக்காரர் அவர்களைக் கண்டதும் காணாதவர் மாதிரி ஒரு மரத்துப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். ஒரே சிந்தலில் படகு கரையை விட்டுப் போய்விட்டது. இரண்டு பேர் போகக் கூடாத காரியம் அது. அக்குலினா துடுப்பைப் போட, உலீட்டா ஒருத்தியாகக் கயிற்றைத் தூக்கினாள். தண்ணீர் ஊசியாகக் குத்திற்று. விரல் மரத்துப்போனால் வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரும்பத் தூக்கினாள். ஒவ்வொரு முள்ளையும் தொட்டுப் பார்த்துத்தான் படகில் போட்டாள். எதைத் தேடுகிறாள் என்று அக்குலினா கேட்கவில்லை.

கடைசியில் கிடைத்தது. குஞ்சம், ஒரு முழ நீளத்துக்கு அறுந்த கச்சை, அதில் பாதிப் பிரார்த்தனை. சேறு படிந்திருந்தது, சிவப்பு போகவில்லை. முள் அதற்குள் புகுந்து, வெளியே வந்து, திரும்பப் புகுந்து, கயிறு முறுக்கின மாதிரி முறுக்கியிருந்தது. உலீட்டா பிரிக்கப் பார்த்தாள். நகம்தான் பெயர்ந்தது. கத்தியை எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். முள்ளைக் கயிற்றோடு கட்டியிருந்த சின்னக் கயிற்றை மட்டும் அறுத்து, முள்ளும் கச்சையுமாக அப்படியே கழுவி, மலான்யாவின் வாசற்கதவில் மாட்டிவிட்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை.

பெலகேயாவுக்கு அது போதாதா? "முள்ளைக் கொண்டுபோய் வாசல்ல மாட்டிருக்கா! யெஃபீமுக்குச் செய்வினை வைக்கிறா!" என்று தெருவெல்லாம் ஓடினாள். மலான்யா வெளியே வந்து முள்ளை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அன்று முழுக்கக் கதவு திறக்கவில்லை. அவள் உள்ளே என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. அந்த முறுக்கைப் பிரிக்க அவளும் உட்கார்ந்து பார்த்திருப்பாள், வேறென்ன? பகல் வெளிச்சத்தில், மேசைமேல் வைத்து, இரண்டு கையாலும். அப்போதும் எளிதில் பிரிந்திருக்காது.

பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிறு வந்தது. ஒருவர் காலில் ஒருவர் விழுந்து மன்னிப்புக் கேட்கிற நாள். கோயில் முழுக்க ஆள். உலீட்டா நடுவில் வந்து, தரையில் நெற்றி படக் கும்பிட்டு எழுந்து, "கச்சைய அறுத்தேன். மன்னிச்சுக்குங்க," என்றாள்.

பாதிரியார் காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது.

"மிச்சத்தையும் சொல்லு," என்று பெலகேயா பின்னாலிருந்து சொன்னாள்.

"மிச்சம் இல்லக்கா. அவ்வளவுதான் நடந்துச்சு."

அப்புறம் உலீட்டா நேரே மலான்யாவிடம் போய் அவள் காலடியில் விழுந்தாள். "மலான்யா, உங்கம்மா நெய்தத அறுத்தேன். மன்னிச்சுக்க."

எல்லாரும் மலான்யாவின் வாயையே பார்த்தார்கள். "கடவுள் மன்னிப்பாரு," என்றாள் அவள். அன்றைக்கு எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற பதில்தான் அது. ஆனால் மீனைப் பற்றி அவள் ஒரு சொல் கேட்கவில்லை. பதிலுக்கு அவளும் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து, நிமிர வேண்டிய நேரத்துக்கும் சற்றுக் கழித்து நிமிர்ந்தாள். அவ்வளவுதான். பாதிரியார் தலையை ஆட்டி அடுத்தவரைக் கூப்பிட்டார். தனிக் கிண்ணம் தனிக் கிண்ணமாகவே இருந்தது.

நோன்பில் எங்களுக்கு மீன் கிடையாது. நடுவில் மாதாவின் திருநாள் ஒன்றில் மட்டும் உண்டு. அந்த வருஷம் பனிக்கட்டி சீக்கிரம் உடைந்து கடலுக்குப் போயிற்று. ஆறு கலங்கிப் பழுப்பாக ஓடிற்று. மொருன் ஏறி வருகிற தண்ணீர். திருநாளுக்கு மீன் வேண்டுமே, யார் போவார் என்று ஊரில் பேச்சு. பேசினவர்களில் முதல் ஆள் பெலகேயா.

திருநாளுக்குச் சில நாள் முன்பு உலீட்டா காலையில் எழுந்து, ரொட்டியும் வெங்காயமும் பையில் கட்டினாள். முழுக் குளிர்காலமும் அடுப்படியில் உட்கார்ந்து ராவி வைத்திருந்த முள்களைக் கூடையில் எடுத்தாள். தன் கச்சையை இறுக்கிக் கட்டி, முனையை மேல்சட்டைக்குள் சொருகினாள். துடுப்பைத் தோளில் வைத்தாள்.

"யாரு கூட வர்றா?" என்றாள் மாமியார்.

"தெரியாது அத்தை."

"மூணு பேரு இல்லாம அவன் படகு குடுப்பானா?"

"மாட்டாரு."

"அப்புறம் எங்கடி போற?"

"படகுக்கு."

கிழவி எழுந்து வந்து, மருமகளின் மேல்சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்து, கச்சை முனை எதுவும் வெளியே தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்தாள். "போ," என்றாள்.

உலீட்டா வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். வேலியோரம் பெலகேயா நின்றிருந்தாள், விதைத்தோலைத் துப்பினாள். உலீட்டா அவளுக்குத் தலையசைத்துவிட்டு நடந்தாள். திருப்பத்தில் அக்குலினா இன்னொரு துடுப்போடு நின்றிருந்தாள், தமாசு எதுவும் சொல்லாமல் கூட நடந்தாள். இரண்டு பேர். இரண்டு பேருக்குப் படகு இல்லை.

மலான்யாவின் வீட்டு முன்னால் உலீட்டா நிற்கவில்லை. நடந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல், எப்போதும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்: "மலான்யா! தண்ணி கலங்கிருச்சு. வர்றதுன்னா வா. கச்சைய உள்ள சொருகிக்க."

கொஞ்சதூரம் போனார்கள். பின்னால் கதவுத் தாழ் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கனத்த காலணிகள் சேற்றில் ஓடிவருகிற சத்தம்.

"சொல்லித்தான் தெரியணுமா? நான் என்ன சின்னப்புள்ளையா?"

மூச்சு வாங்க மலான்யா வந்து சேர்ந்தாள். யெஃபீமின் கோட்டு, கழுத்து வரை பொத்தான். கச்சை கண்ணுக்குத் தெரியவில்லை. கோட்டுக்குள் இடுப்புப் பக்கம் மட்டும், அறுந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் போட்ட ஒரு முடிச்சின் மேடு. உள்ளங்கையை நீட்டினாள், அதில் ஒரு முள், புதிதாக ராவி, வெள்ளையாகப் பளபளத்தது.

"உன் வரிசையில ஒண்ணு குறையும்," என்றாள். "பிரிக்க எனக்கு வாரக்கணக்காச்சு. தண்ணிக்குள்ள நீ எப்படிடி பிரிச்சிருப்ப?"

உலீட்டா முள்ளை வாங்கிக் கூடையில் போட்டாள்.

"சாப்பாட்டுக்கு என்ன கொண்டாந்தே?" என்று அக்குலினா மலான்யாவின் தோள்பையை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு கிண்ணம்," என்றாள் மலான்யா, வேலியோரம் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி. "மூணு கரண்டி."